டெய்சி பூக்கவில்லையா? அது எந்த டெய்சி என்று முதலில் பாருங்கள்

டெய்சி வளர்ப்பது எப்படி என்று தேடத் தொடங்கினால் முதலில் கிடைப்பது குழப்பம்தான். முழு வெயிலில் வைக்கச் சொல்கிறது ஒரு குறிப்பு. நண்பகல் வெயில் ஆகவே ஆகாது என்கிறது அடுத்தது. வாடிய பூவைக் கத்தரியால் வெட்டச் சொல்கிறார் ஒருவர். கத்தரியே வைக்காதே, கையால் பிடுங்கு என்கிறார் இன்னொருவர். பல ஆண்டு வாழும் செடி என்று நம்பி வாங்கினால் ஒரே கோடையில் கருகிப்போகிறது. அல்லது கருகாமல், புதர்போல இலை விட்டு, ஒரு மொட்டுகூட வைக்காமல் நிற்கிறது.

இந்தக் குறிப்புகளில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் வேறுவேறு செடியைப் பற்றிச் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். டெய்சி என்பது ஒரு செடியின் பெயரல்ல. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பல பேரினங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். செடி எது என்று தெரிந்துவிட்டால் வெயில், நீர், கத்தரிப்பு பற்றிய கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

ஒரு பூ அல்ல, பூக்களின் கூட்டம்

டெய்சிகள் எல்லாம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை, தாவரவியலில் ஆஸ்டரேசி. சாமந்தி, ஜினியா, டேலியா எல்லாம் இதே குடும்பம். 30,000க்கு மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உண்டு. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று.

நாம் 'பூ' என்று சொல்வது உண்மையில் ஒரு மஞ்சரி. பாடநூல்கள் இதைச் சிரமஞ்சரி என்கின்றன. சாஸ்டா டெய்சியின் வெள்ளை 'இதழ்' ஒன்றை அடியோடு உருவிப் பார்த்தால் அதன் அடிப்பகுதி சின்னக் குழலாகச் சுருண்டிருப்பதும், குழலிலிருந்து இரண்டாகப் பிளந்த மெல்லிய சூல்முடி எட்டிப் பார்ப்பதும் தெரியும். அதாவது அந்த இதழே ஒரு முழுப் பூ; கதிர்ச் சிறுமலர் என்று அதற்குப் பெயர். நடுவிலுள்ள மஞ்சள் வட்டில் நூற்றுக்கணக்கான குழல்வடிவச் சிறுமலர்கள் நெருங்கி நிற்கின்றன. அவை எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வளையம் வளையமாக விரிகின்றன.

தோட்டத்தில் இதனால் என்ன ஆகிறது என்றால்:

1. ஒரு தலை பல நாள் வாடாமல் நிற்கும். ஓர வளையம் முதிர்ந்த பிறகும் நடுவில் விரிய வேண்டியவை மிச்சமிருக்கும்.

2. எப்போது பறிப்பது என்பதை வட்டைப் பார்த்தே சொல்லலாம். ஜெர்பெராவில் ஓரத்து இரண்டு, மூன்று வளையங்களில் மகரந்தம் தெரியும்போது பறித்தால்தான் குவளையில் நிற்கும். அதற்கு முன்பே பறித்தால் தண்டு முற்றாததால் பூத்தலைக்குக் கீழே மடிந்துவிடும்.

3. ஒவ்வொரு சிறுமலரும் ஒரு விதை தரக்கூடியது. ஒரு தலையை வாடவிட்டால் ஒரு விதை அல்ல, நூறு விதைகள். சில டெய்சிகள் களையாக மாறுவதன் கணக்கு இதுதான்.

ஒரே பெயரில் ஆறு செடிகள்

நாற்றுப் பண்ணை அட்டையில் வெறுமனே 'டெய்சி' என்று எழுதி, மேலே பூவின் படத்தைப் போட்டுவிடுவது விற்பவருக்கு வசதி. வாங்குபவருக்கு ஒரு பருவம் வீண். பூவைப் பார்க்காமல் இலையையும் தண்டையும் பார்த்தால் அடையாளம் எளிது.

1. புல்வெளி டெய்சி (பெல்லிஸ் பெரென்னிஸ்): கரண்டிபோன்ற இலைகள் தரையோடு தரையாகப் படிந்திருக்கும். இலையற்ற குட்டைத் தண்டில் ஒற்றைப் பூ. குளிர்ப்பிரதேசச் செடி. வெப்பப் பகுதிகளில் குளிர்ந்த பருவத்துக்கு மட்டும் நட்டு, கோடை வந்ததும் எடுத்துவிடுவதுதான் யதார்த்தம்.

2. ஆக்ஸ்ஐ டெய்சி (லூகாந்திமம் வல்கேர்): கீழிலைகள் ஓரம் வெட்டுப்பட்டவை. 3 முதல் 5 செ.மீ. அகல வெள்ளைப் பூ. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடும். அழகு, ஆனால் ஆபத்து. இதைப் பற்றிக் கடைசியில்.

3. சாஸ்டா டெய்சி (லூகாந்திமம் சூப்பர்பம்): கரும்பச்சையில் பளபளக்கும், பல்வெட்டு ஓர இலைகள். பூ உள்ளங்கை அகலம்கூட வரும். இயற்கையில் இல்லாத செடி இது. கலிபோர்னியாவின் லூதர் பர்பேங்க் 1884இல் தொடங்கிய கலப்பினப் பணியின் விளைவு; ஆக்ஸ்ஐயையும் ஐரோப்பிய உறவுகளையும் கலந்து, பிறகு ஜப்பானிய டெய்சியையும் சேர்த்து, 1901இல் வெளியிட்டார். சாஸ்டா என்ற பனிமலையின் பெயரை வைத்தார்.

4. ஜெர்பெரா: தரையிலிருந்து கிளம்பும் பெரிய, வெட்டுப்பட்ட இலைகள், அடிப்பக்கம் மயிர்போர்த்தது. இலையற்ற நீளத்தண்டில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நீலம் தவிர எல்லா நிறமும். மூதாதை தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியைச் சேர்ந்தது. பூக்கடை டெய்சி பெரும்பாலும் இதுதான்.

5. மார்கரீட் (ஆர்கிராந்திமம்): அடித்தண்டு கட்டையாகும் குறுஞ்செடி. இலை இறகுபோல நுணுக்கமாகப் பிளந்திருக்கும். கேனரி தீவுகளிலிருந்து வந்தது.

6. ஆப்பிரிக்க டெய்சி (ஆஸ்டியோஸ்பெர்மம்): நடுவட்டு பெரும்பாலும் கருநீலம். இதழின் அடிப்பக்கத்தில் வேறு சாயல் ஓடும். மேகமூட்டத்திலும் இரவிலும் பூ மூடிக்கொள்ளும். தொட்டியை நிழலில் வைத்துவிட்டு 'மொட்டு விரியவில்லை' என்று கவலைப்படுபவர்கள் பலர். விரிந்து மூடியிருக்கும் பூவைத்தான் அவர்கள் மொட்டு என்று நினைக்கிறார்கள்.

இலை வருகிறது, பூ வரவில்லை: ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான். 'பொட்டாஷ் போடுங்கள்' என்பது வழக்கமான பதில். பல நேரங்களில் உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

செடிக்கு நாட்காட்டி உண்டு. அதை அது இரவின் நீளத்தைக் கொண்டு படிக்கிறது. பூப்பதற்கும் பகல் நீளத்துக்கும் உள்ள தொடர்பைக் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையிலும் சோயாவிலும் கண்டு 1920இல் வெளியிட்டார்கள். பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள். சாமந்தி இந்த வகை. பகல் நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள். சாஸ்டா டெய்சி இந்த வகை.

நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். 10 டிகிரி அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12¾ மணி நேரம்தான். 40 டிகிரிக்குப் போனால் அது 15 மணி நேரத்தைத் தொடுகிறது. 15 மணி நேரப் பகலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சாஸ்டா ரகத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நட்டால், 'இன்னும் பூக்கும் காலம் வரவில்லை' என்று அது காத்துக்கொண்டே இருக்கும். இலை செழிப்பாக வரும். எந்த உரமும் பூவைக் கொண்டுவராது.

பல சாஸ்டா ரகங்களுக்கு இரண்டாவது நிபந்தனையும் உண்டு. 5 டிகிரி செல்சியஸ் அளவில் பல வாரங்கள் குளிர்ந்திருந்தால்தான் அவை மொட்டு வைக்கும், அல்லது ஒழுங்காக மொட்டு வைக்கும். குளிர்ப்பதனம் எனப்படும் இது, குளிர்காலம் கடந்துவிட்டது என்பதைச் செடி உறுதிப்படுத்திக்கொள்ளும் வழி. பனிக்காலமே இல்லாத இடத்தில் இந்த உறுதி கிடைக்காது.

இதற்கு என்ன செய்யலாம்?

1. விதைத்த ஆண்டிலேயே பூக்கும், குளிர் கேட்காத குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்னோ லேடி அப்படிப்பட்ட ஒன்று. விதை உறையில் 'முதல் ஆண்டிலேயே பூக்கும்' என்ற குறிப்பு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

2. இரவை உடைக்கலாம். பண்ணைகளில் இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கெரிப்பார்கள். நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாக உடைவதால் செடி அதை நெடும்பகலாக எடுத்துக்கொள்கிறது. வீட்டுத் தொட்டிக்கும் இது வேலை செய்யும். ஆனால் ஒரு சாஸ்டாவுக்காக இவ்வளவு மெனக்கெடுவதா என்பது அவரவர் விருப்பம்.

3. செடியை மாற்றலாம். வெப்பப் பகுதிக்கு ஜெர்பெராதான் முதல் தேர்வு. அது பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஒளியும் மிதமான வெப்பமும் இருந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும்.

ஆப்பிரிக்க டெய்சியின் சிக்கல் வேறு. அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்களில் பெரும்பாலான ரகங்கள் புது மொட்டை நிறுத்திவிடும். செத்துவிடவில்லை, ஓய்வெடுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, நீரைக் கட்டுப்படுத்தி, இரவு குளிரும் வரை விட்டுவைத்தால் மறுபடி பூக்கும்.

பூக்காமல் நிற்பதற்கு இவற்றுக்குப் பிறகுதான் நிழலும் உரமும் வருகின்றன. பெரும்பாலான டெய்சிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியை எட்டும் இடங்களில் அந்த ஆறு மணி நேரம் காலை வெயிலாக இருப்பது நல்லது. 'முழு வெயில்', 'நண்பகல் வெயில் ஆகாது' என்ற இரண்டு அறிவுரைகளும் மோதிக்கொள்ளாமல் சேருமிடம் இதுதான்.

மண்ணும் நடும் ஆழமும்

டெய்சிகள் பட்டினியைத் தாங்கும், நீர் தேங்கினால் தாங்காது. தொட்டியில் நீர் ஊற்றிய சில நொடிகளில் மேலே தேங்காமல் இறங்கி, அடித்துளை வழியே வர வேண்டும். மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம அளவு என்பது தொடங்க நல்ல கலவை. நார்க்கழிவு சேர்ப்பவர்கள் அதன் உப்பு நீங்கக் கழுவிச் சேர்க்க வேண்டும். மண்ணின் கார அமிலநிலை சாஸ்டாவுக்கு 6 முதல் 7 வரை, ஜெர்பெராவுக்குச் சற்றுப் புளிப்பாக 5.5 முதல் 6.5 வரை.

ஜெர்பெராவில் உயிர் பிழைப்பதும் சாவதும் நடும் ஆழத்தில் இருக்கிறது. எல்லா இலையும் எல்லா மொட்டும் கிளம்பும் அந்தக் குட்டையான மையத்தைக் கழுத்து என்பார்கள். கழுத்து மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடையாவது மேலே தெரிய வேண்டும். நடும்போது சரியாகத்தான் இருக்கும். பத்து நாள் நீர் ஊற்றியதும் மண் தாழ்ந்து, செடியும் சேர்ந்து இறங்கி, கழுத்து மண்ணுக்குள் போய்விடும். பைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சைக்கு அது போதும். முதலில் ஒரு இலை தொங்கும். நீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். ஈரமான மண்ணில் செடி வாடி நின்றால் தாகமல்ல, அழுகல். இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கழுத்திலிருந்து கருத்த அடியோடு கழன்று வரும். அந்தக் கட்டத்தில் மருந்து பயன்படாது. எனவே நட்டு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை கழுத்தைச் சுற்றியுள்ள மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்ப்பது நல்லது.

நீரை எப்போதும் தொட்டி ஓரமாக ஊற்ற வேண்டும், கழுத்தின் மேல் அல்ல. மேல்மண் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த பிறகு அடுத்த நீர். 'தினமும் காலை ஒரு குவளை' போன்ற கணக்கெல்லாம் மழை நாளில் செடியைக் கொன்றுவிடும்.

உரமும் மஞ்சள் இலையும்

உரம் குறைவாகப் போதும். தழைச்சத்து மிகுந்தால் தண்டு நீண்டு சாயும், இலை பெருகும், பூ குறையும். மாதம் ஒரு கைப்பிடி மக்கிய உரமோ, பாதி அளவு நீர்த்த திரவ உரமோ பெரும்பாலான டெய்சிகளுக்குப் போதுமானது. தொடர்ந்து பூக்கும் ஜெர்பெரா மட்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை கேட்கும்.

மஞ்சளாகும் இலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே, பழைய இலைகள் முழுதாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. மேலே, இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவு. இரண்டாவதில் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. உப்பு நீர் பாய்ச்சும் தோட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். அங்கே உரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. காரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கார மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய கீலேட் வடிவ இரும்பைத் தர வேண்டும்.

வாடிய பூவை எங்கே நீக்குவது

விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் உணவை அங்கே திருப்பி, புதிய மொட்டைக் குறைத்துக்கொள்கிறது. வாடியதை நீக்குவது அழகுக்காக மட்டுமல்ல. ஆனால் நீக்கும் இடம் செடிக்குச் செடி மாறும்:

1. சாஸ்டா, ஆக்ஸ்ஐ: கீழே அடுத்த பக்கமொட்டு அல்லது இலை இருக்கும் இடம்வரை வெட்டுதல். தலையை மட்டும் கொய்தால் வெறும் குச்சி நிற்கும்.

2. மார்கரீட், ஆப்பிரிக்க டெய்சி: பூக்காம்பைக் கிள்ளிவிட்டு, நுனியையும் சேர்த்துக் கிள்ளினால் பக்கக்கிளை பெருகும். மார்கரீட்டின் கட்டையான பகுதிவரை இறங்கி வெட்டக்கூடாது. அங்கிருந்து துளிர்ப்பது அரிது.

3. ஜெர்பெரா: வெட்டவே வேண்டாம். தண்டின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகிப் பக்கவாட்டில் இழுத்தால் கழுத்திலிருந்து 'டக்' என்று முழுதாக வந்துவிடும். கத்தரித்தால் நின்றுவிடும் அடித்துண்டு அழுகி, அந்த அழுகல் கழுத்துக்குள் இறங்கும். குவளைக்குப் பறிப்பதும் இப்படித்தான். பறித்த பிறகு அடிக்காம்பைச் சற்று நறுக்கி, ஐந்து செ.மீ. ஆழ நீரில் வைத்தால் போதும். நிறைய நீரில் மயிர்த்தண்டு சீக்கிரம் அழுகும்.

பெருக்குவது

சாஸ்டாவின் தூரை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரிப்பது பெருக்குவதற்காக என்பதைவிடக் காப்பாற்றுவதற்காக. வெளிவட்டம் இளமையாகப் பரவ, நடுப்பகுதி கட்டையாகிச் செத்துவிடும். பிரித்ததில் நடுவை எறிந்துவிட்டு ஓரத்துக் கன்றுகளை நட வேண்டும். மார்கரீட்டுக்கும் ஆப்பிரிக்க டெய்சிக்கும் பூக்காத இளந்தண்டுக் குச்சி நட்டால் வேர் பிடிக்கும். விதையானால் மேலோட்டமாகத் தூவி அழுத்தினால் போதும். சாஸ்டா விதையும் ஜெர்பெரா விதையும் வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். ஜெர்பெரா விதைக்கு ஆயுள் குறைவு, பழைய பொட்டலத்தை நம்ப வேண்டாம். கலப்பின ரகத்திலிருந்து சேகரித்த விதை தாயைப் போலப் பூக்காது.

கோணலான பூ: நோயா, கதிர்வீச்சா?

அசுவினி, வெள்ளை ஈ, இலையில் வெள்ளைக் கோடு கோடாகக் குடையும் ஈ, சாம்பல் நோய் ஆகியவை எல்லாத் தோட்டத்திலும் உள்ளவைதான். காற்றோட்டம், சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் ஆகியவற்றில் பெரும்பாலும் அடங்கும். உலகெங்கும் விற்கும் பைரெத்ரம் என்ற பூச்சிமருந்தே ஒரு வகை டெய்சியின் காய்ந்த பூவிலிருந்து எடுப்பதுதான். அதனால் அது தேனீயை விட்டுவைக்கும் என்று பொருளல்ல.

கவலை தருவது உருக்குலைந்த பூக்கள். ஜப்பானின் நசுஷியோபரா நகரில் எடுத்த இரட்டைத்தலை டெய்சிகளின் படம் ஒன்று 2015இல் உலகம் சுற்றியது. ஃபுகுஷிமா அணுவுலைக் கதிர்வீச்சின் விளைவு என்ற விளக்கமும் கூடவே சுற்றியது. படத்தில் இருந்தது பட்டையாதல் எனும் கோளாறு. தண்டின் வளர்நுனி ஒரு புள்ளியாக இருப்பதற்குப் பதில் கோடாக அகன்றுவிடும். தண்டு பட்டையாகி, பூத்தலை நீண்ட சீப்புபோல விரியும். மரபணு மாற்றம், பாக்டீரியா, உறைபனி, பூச்சிக்கடி, களைக்கொல்லி எதனாலும் இது வரலாம். அணுவுலையின் பக்கமே போகாத தோட்டங்களிலும் வருகிறது. படத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியாது. அந்தத் தண்டை வெட்டிவிட்டால் அடுத்த பூ பெரும்பாலும் ஒழுங்காக வரும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொன்று ஆஸ்டர் மஞ்சள் நோய். இதில் பூ அகலாது, பச்சையாகும். வெள்ளை இதழ்கள் பச்சை இலைத்துணுக்குகளாக வரும், செடி குறுகும், துளிர்கள் வெளிறிக் கொத்தாக வெடிக்கும். வெகுகாலம் வைரஸ் என்று நினைக்கப்பட்ட இதன் காரணி, பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவர் இல்லாத பாக்டீரியா வகை என்பது 1967இல் ஜப்பானிய ஆய்வில் தெரிந்தது. தத்துப்பூச்சி பரப்புகிறது. மருந்தில்லை. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. கோணல் என்றால் தண்டு வெட்டினால் போதும். பச்சை என்றால் முழுச்செடியும் போக வேண்டும்.

வேலி தாண்டும் டெய்சி

ஆக்ஸ்ஐ டெய்சி ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இயல்பாக வளரும் செடி. அலங்காரத்துக்கும் தீவன விதையோடு கலப்பாகவும் வெளியே போய், வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டது. மாடுகள் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியுள்ள புல்லை மேய்வதால், மேயமேய இதற்கே இடம் கூடுகிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அவை மண்ணில் பல ஆண்டு உறங்கும். பிடுங்கும்போது அறுந்து நிற்கும் கிழங்குத்தண்டுத் துண்டும் துளிர்க்கும்.

குளிர்ச்சியான பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்கள் நடுவதற்கு முன் தங்கள் பகுதிக் களைப் பட்டியலைப் பார்ப்பது அவசியம். 'காட்டுப்பூ விதைக் கலவை' என்று விற்கும் பொட்டலங்களில் இது அடிக்கடி இடம்பிடிக்கும். உறையின் பின்பக்கம் லூகாந்திமம் வல்கேர் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்கலாம். ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தால், மழை பெய்து மண் இளகிய நாளில் மண்வாரியால் கிழங்குத்தண்டோடு தோண்ட வேண்டும். பூத்தலைகளை மட்டும் தனியே பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உரக்குழியில் போட்டால், குழி நன்றாகச் சூடேறாதபோது விதை சாகாது. அடுத்த ஆண்டு அந்த உரம் போன இடமெல்லாம் முளைக்கும்.